இடக்கை இழை

டிரைவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த முதல் பதினைந்து நாளில் வாசல் கதவின் கீல் மூன்று தடவை எண்ணெய் குடித்தது. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டியதில் அது ஒழுகத் தொடங்கியது. அடுப்படி டப்பாக்களையெல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்தார். வேலை முடிந்து சாயங்காலம் வந்த மனைவிக்கு உப்பைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மனிதர் உட்கார்ந்தால் வலது கால் தன்பாட்டுக்கு ஆடும், இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மாதிரி. எழுந்தால் முன்னறையிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கொல்லைப்புறம், மறுபடி முன்னறை. இருபத்திரண்டு வருஷம் பதினாறு சக்கர லாரியில் மலையும் கடற்கரையுமாக அலைந்த ஆளை மூன்று அறைக்குள் போட்டு அடைத்தால் வேறென்ன செய்வார்?

அடைத்தது டாக்டர். ஒரு நாள் மத்தியானம், நேரான சாலையில், எதிரே ஒரு வண்டிகூட இல்லாத வேளையில், டிரைவருக்கு வலிப்பு வந்தது. அதற்கு முன்பு வந்ததே இல்லை. லாரி தானாகவே ஓரம் ஒதுங்கி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஏறி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார், மாத்திரை எழுதினார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆறு மாசம் சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. ஆறு மாசத்துல ஒரு தடவைகூட வரலேன்னா, பார்க்கலாம். நடுவுல ஒரு தடவை வந்துச்சுன்னா பெரிய வண்டியை அடியோட மறந்துடுங்க. எனக்குத் தெரியாம மறைச்சுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க."

டிரைவருக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. ஆளைப் பார்த்ததும் திருட்டுப்பட்டம் கட்டுகிறாரே என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

அவருடைய மனைவி கம்பளி நெசவுக்கூடத்தில் இழை இரட்டிக்கிற வேலை பார்த்தாள். வீடுகளில் பெண்கள் தக்ளியில் நூற்றுக் கொடுக்கிற ஒற்றை இழை அவளிடம் வரும். இரண்டு இழையைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்கி, ஒன்றாக்கி, வளையமாகச் சுற்றிச் சிட்டம் போட்டுக் கொடுப்பாள். அப்போதுதான் நூல் அடங்கும், தறியில் நிற்கும். பதினெட்டு வருஷமாக அதே வேலை. நூலைப் பார்க்கவே மாட்டாள். விரலுக்கு நடுவே ஓடவிட்டே எந்த வீட்டு நூல் என்று சொல்லிவிடுவாள்.

உப்பைத் தேடிய மறுநாள் அவள் ஒரு மூட்டையோடு வந்தாள்.

"என்னது இது, குப்பையா?" என்றார் டிரைவர்.

"ஆட்டு ரோமம். அலசிக் காயவெச்சது. இதை நூலாக்கணும்."

"யாரு?"

"வீட்ல வேற யாரு சும்மா இருக்கா?"

"நானா? பதினாறு சக்கரம் ஓட்டின கைம்மா இது."

"அதான் ஒரு சக்கரம் தரேன், ஓட்டுங்க." தக்ளியை நீட்டினாள். ஒரு சாண் குச்சி, அடியில் மரவில்லை, நுனியில் ஒரு கொக்கி. அவ்வளவுதான் வண்டி.

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே வாங்கிக்கொண்டார் என்று சொல்ல வேண்டும்.

முதல் மூன்று நாள் சீவுவதிலேயே போயிற்று. கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகள். ஒன்றில் ரோமத்தைப் பரப்பி மற்றதால் இழுக்க வேண்டும். அழுத்தினால் பல் பல்லோடு மாட்டிக்கொள்ளும், விட்டால் சிக்கு போகாது. விரல் கணுவெல்லாம் கீறல். ரோமத்தில் ஒட்டியிருந்த முள்ளும் வைக்கோல் துணுக்கும் வீடு முழுக்கப் பறந்தன. சோற்றில்கூட மயிர் வந்தது. ஆட்டு எண்ணெய்ப் பிசுக்கு கையிலேயே தங்கி, டீ டம்ளரைத் தூக்கினாலும் மந்தை வாசனை அடித்தது.

நான்காம் நாள் மனைவி எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நூற்றுக் காட்டினாள். சீவிச் சுருட்டிய ரோமத்திலிருந்து கொஞ்சம் இழுத்துக் கொக்கியில் மாட்டி, தக்ளியைச் சுண்டிவிட்டாள். அது அந்தரத்தில் சுற்றிக்கொண்டே கீழே இறங்க, மேலே ரோமம் நூலாகிக்கொண்டே வந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை போலத்தான் இருந்தது.

டிரைவர் சுண்டினார். தக்ளி நேராகக் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"மெல்ல," என்றாள்.

மறுபடி. விழுந்தது. இந்தத் தடவை ஒரு முழம் வந்திருந்தது, ஆனால் அதை நூல் என்று சொல்ல முடியாது. சுமைக்கு மேல் போட்டு இறுக்குகிற கயிற்றின் கனத்தில் ஓர் இடம், சிலந்தி வலை கனத்தில் அடுத்த இடம்.

"முறுக்கை மேல ஏற விட்டுட்டீங்க. ரோமத்துக்குள்ள முறுக்கு ஏறிடுச்சுன்னா அப்புறம் இழுக்கவே வராது. கீழ் விரலால முறுக்கை நிறுத்திப் பிடிங்க. மேல் கையால ரோமத்தை இழுங்க. இழுத்து முடிச்சப்புறம் விரலை விடுங்க. முறுக்கு தானா ஏறும்."

"இரு, இரு. பிடிக்கணும், மாத்தணும், அப்புறம் மெதுவா விடணும்?"

"ஆமா."

"அட, இது கிளட்ச்சு!"

"என்னமோ ஒண்ணு. விழாம இருந்தா சரி."

அன்று சாயங்காலம் விழவில்லை. ஒரு கை நீளம், இரண்டு கை நீளம். மனைவி எதிரேயே உட்கார்ந்து அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தக்ளி தன்னுடையதைப் போலவே சுற்றுகிறது என்றுதான் அவளுக்குப் பட்டது. அங்கேதான் தப்பு நடந்தது. அது தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதமும் டிரைவர் ஓரளவு மனிதராக இருந்தார். தக்ளியில் ஒரு வசதி உண்டு, நடந்துகொண்டே நூற்கலாம். இருப்புக் கொள்ளாதவருக்கு வேறென்ன வேண்டும்? முன்னறையிலிருந்து கொல்லைக்கும் கொல்லையிலிருந்து தெருமுனைக்கும் நூற்றுக்கொண்டே நடந்தார். முனையில் முடிதிருத்தும் கடைக்காரர் கத்தியைக் காதோரம் நிறுத்திவிட்டு, "என்ன டிரைவரே, பம்பரமா?" என்பார். "உன் கடைத் தரையில கிடக்கிறதையும் பெருக்கிக் குடு, நூத்துத் தரேன்," என்பார் இவர். ஆனால் பெரிய சாலையில் ஏர்பிரேக் சத்தம் கேட்டால் போதும், கை நின்றுவிடும். என்ன வண்டி, என்ன லோடு, எந்த கியரில் போகிறது என்று சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு அன்றைக்கு நூல் சரியாக வராது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் மனைவி மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். கையில் அரைகுறையாக முறுக்கிய சிட்டம் ஒன்று. முகம் செத்துப்போயிருந்தது.

"மேஸ்திரியம்மா எல்லார் முன்னாடியும் இதைத் தூக்கிக் காட்டினாங்க. இத்தனை வருஷத்துல ஒரு சிட்டம் எனக்குத் திரும்பி வந்ததில்ல."

சேர்ந்திருந்த உங்கள் நூலை இன்றைக்குத்தான் எடுத்து, வேறொரு வீட்டு நூலோடு சேர்த்து இரட்டித்தேன் என்றாள். அந்த நூல் தளர்ந்து சாதுவாகக் கிடக்க, டிரைவர் நூல் மட்டும் மேலும் மேலும் முறுக்கேறிக் கம்பிச்சுருள் போல அதன்மேல் துள்ளிக்கொண்டு நின்றது.

"எங்க, இப்ப நூங்க. நான் பார்க்கணும்."

அவர் நூற்றார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அடப் பாவி மனுஷா, இடது கையால சுண்டுறீங்க!"

டிரைவர் தன் கையைத் தானே முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலதில்தான். பள்ளிக்கூடத்தில் அடித்து மாற்றியது. ஆனால் யோசிக்காமல் செய்கிற வேலைக்கெல்லாம் இடது கைதான் முந்தும். இடது கை சுண்டினால் தக்ளி எதிர்ப்பக்கம் சுற்றும், நூலும் எதிர்முறுக்கு முறுக்கும்; அவள் இரட்டிக்கிறபோது அதே பக்கமாக இன்னும் முறுக்கேறும். எதிரெதிரே உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது.

"சொல்லிக்குடுத்த என்னைச் சொல்லணும்," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தார்கள்.

வலது கைக்கு மாறுவது முதலில் கற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது. தெரிந்த வேலை கையில் நிற்காமல் நழுவுவதைப் போன்ற எரிச்சல் உலகத்தில் வேறில்லை. இரண்டு தடவை தக்ளியைச் சுவரில் வீசினார். பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி ஆரம்பித்தார். ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் அவர் நூற்ற சிட்டத்தை மேஸ்திரியம்மா விரலில் ஓட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்தாளாம். ஒன்றும் சொல்லாததுதான் அவள் பாராட்டு என்றாள் மனைவி.

ஆறு மாதம் முடிய ஒரு வாரமே இருந்தபோது ஹாரன் வந்தான். டிரைவரோடு கூட ஓட்டியவன். சிரித்தால் நாலு தெருவுக்குக் கேட்கும், அதனால் வந்த பெயர்.

"அண்ணே! என்னண்ணே, கையில கிலுகிலுப்பையா?"

"நூல்டா. தொடாதே, கை அழுக்கு."

"அண்ணி, எங்க சிங்கத்தை இப்படிப் பண்ணிட்டீங்களே!" உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான். "அண்ணே, முதலாளி புது வண்டி எடுத்திருக்காரு. கேபின்ல ஏசி. ஸ்டியரிங் ஒத்த விரலுக்குத் திரும்புது. உங்களுக்குன்னு வெச்சிருக்காரு. திங்கக்கிழமையோட ஆறு மாசம் முடியுதுல்ல? காலைல டாக்டரைப் பார்த்து சீட்டை வாங்கிடுங்க, மத்தியானம் நான் சாவியோட வாசல்ல நிக்கிறேன். அதுக்கு மேல அவரால காக்க வைக்க முடியாதாம்."

டிரைவர் தக்ளியை மடியில் வைத்தார். கால் ஆடுவது நின்றிருந்தது. மனைவி அதைக் கவனித்தாள்.

"டாக்டர் சரின்னு சொன்னா போகட்டும்," என்றாள். "நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா டாக்டர் சொல்லணும்."

"அஞ்சரை மாசம் ஒண்ணும் வரலியே அண்ணி, இனிமே எங்க வரப்போகுது!"

திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கும்போது வந்தது.

புதன்கிழமை காலை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். டிரைவர் முன்னறையில் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து நூற்க ஆரம்பித்தார்; அதுவரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. அவர் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. நாக்கின் ஓரம் எரிந்தது, உமிழ்ந்தால் ரத்தம். உடுத்தியிருந்த துணி நனைந்திருந்தது. கையில் தக்ளி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கையில்.

கண்ணயர்ந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டார். ஸ்டூலிலிருந்து சறுக்கி விழுந்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். அதிகம் போனால் இரண்டு நிமிஷம். எழுந்து துணியை அலசிக் கொடியில் போட்டார், தரையைத் துடைத்தார், ஸ்டூலை நிமிர்த்தினார். தக்ளியை வலது கைக்கு மாற்றி, கையில் இருந்த ரோமம் முழுவதையும் அதன்மேலேயே நூற்றுச் சுற்றினார். அன்று மாதிரி அவ்வளவு சீராக அவர் என்றும் நூற்றதில்லை.

"என்ன, சாப்பாடு இறங்கலியா?" என்றாள் மனைவி ராத்திரிச் சோற்றின்போது.

"டீ நாக்கைச் சுட்டுடுச்சு."

"ஆறவெச்சுக் குடிச்சா என்ன? எப்பப் பாரு அவசரம்."

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் மனிதர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து, மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். ஹாரன் இரண்டு தடவை போன் பண்ணினான்; முதல் மணியிலேயே எடுத்தார். பழைய ஓட்டுநர் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தார், கொடுத்த அரைமணியில் வாங்கப் போய் நின்றார். தனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு மனது சொல்லும். டாக்டர் வலிப்பைப் பற்றித்தானே கேட்பார், தூக்கத்தைப் பற்றியா கேட்பார் என்று இன்னொரு மனது சொல்லும். இரண்டும் ஒரே பக்கம்தான் பேசின, அதுதான் அவரைப் படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை நெசவுக்கூடம் விடுமுறை. காலையிலிருந்தே மழை. ஈரத்துக்கு ரோமம் ஊறி வீடெல்லாம் ஆட்டு வாசனை. மனைவி கதவோரம் பாயைப் போட்டு, அவர் கடைசியாக நூற்ற இழையை இரண்டு உருண்டையாகச் சுற்றி, இரண்டு கிண்ணத்தில் போட்டு, பெரிய தக்ளியில் இரட்டிக்க ஆரம்பித்தாள். "நாளைக்கு நீங்க கிளம்பிட்டா இதை யாரு முடிக்கிறது? இன்னிக்கே முடிச்சுடுறேன்."

டிரைவர் மழையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். கிண்ணத்தில் உருண்டைகள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"இங்க வாங்க."

வந்தார்.

"இதைப் பிடிங்க."

பிடித்தார். பிடிக்கத் தேவையே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது. சீராக வந்த நூலில் ஓர் இடத்திலிருந்து ஓர் இழை மட்டும் முறுக்கேறிச் சுருண்டு துள்ளிக்கொண்டிருந்தது.

"கை மாறிப்போச்சு போல," என்றார். "பழக்கதோஷம்."

அவள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "போனாப் போகுது, வெட்டிட்டு முடிச்சுப் போட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டு, கெட்ட இழையைக் கிண்ணத்திலிருந்து உருவ ஆரம்பித்தாள். "பையில நாலு சட்டை வெச்சிருக்கேன், போதுமா? மாத்திரையைத் தனியா ஒரு டப்பால போட்டிருக்கேன். மேல எழுதியும் வெச்சிருக்கேன். ஹாரன்கிட்டயும் சொல்லி வெக்கணும், வேளாவேளைக்கு ஞாபகப்படுத்தச் சொல்லி."

அவர் சரி சரி என்று தலையாட்டினார். நம்பிவிட்டாள், அல்லது நம்ப வேண்டுமென்று முடிவு செய்துவிட்டாள். அவ்வளவுதான், முடிந்தது. இனி நாளை மத்தியானம்தான் பாக்கி. ஆனால் அவள் உருவிக்கொண்டே இருந்தாள். கை விரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இழை பாயில் விழுந்துகொண்டே இருந்தது. நாலு, ஐந்து. அவர் கண் அதைவிட்டு நகரவில்லை. எட்டு. ஒன்பது. ஒரு நிமிஷத்தில் நூற்றது இவ்வளவா? நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து, ஒழுங்காக ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டுப் போட்டது யார்?

பன்னிரண்டாவது கை நீளத்தில் முறுக்கு மறுபடி சரியாயிற்று. அவள் அங்கே வெட்டினாள்.

"ஏம்மா."

"ம்?"

"பன்னெண்டு கை நீளம் நூக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"உங்க வேகத்துக்கா? அரை மணி நேரம் ஆகும். ஒட்டெல்லாம் போட்டிருக்கீங்க, கூடவே ஆகும். ஏன்?"

டிரைவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். கையை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"எனக்கு அதுல ஒரு கை நீளம்கூட ஞாபகம் இல்லம்மா."

கத்தரிக்கோல் அவள் கையிலேயே இருந்தது.

"புதன்கிழமை," என்றார். "நீ போனப்புறம். ஸ்டூல்லேர்ந்து விழுந்திருக்கேன். நாக்கைக் கடிச்சிருக்கேன். துணியிலயே... அலசிப் போட்டேன். ஒரு நிமிஷம்னு நினைச்சேன். சத்தியமா ஒரு நிமிஷம்னுதான் நினைச்சேன்."

"டீ சுட்டுடுச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா. பொய்தான்."

"எங்கிட்ட."

"உங்கிட்டதான்."

மழை வலுத்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவள் திட்டவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஆறு மாதமாக ஒரு நாள்கூட அவர் முன்னால் அழாதவள்.

"அரை மணி நேரத்துல நான் முப்பது கிலோமீட்டர் போவேன்," என்றார் டிரைவர். யாருக்கோ வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "ரெண்டு ஊரு வரும். ஒரு பாலம் வரும். ரோட்டை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் வரும். கை ஓட்டிக்கிட்டே இருக்கும்மா. வண்டியில ஆளு இருக்க மாட்டான்." அழுதுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் பார்த்த வேலை போய்விட்டது. அதற்கு அழாமல் வேறெதற்கு அழுவது?

அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பாயில் கிடந்த இழையைச் சுருட்டிக்கொண்டே, "டாக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அதை நானே சொல்லிடுவேன். அவர்கிட்ட சொல்றது கஷ்டமில்ல."

போனை எடுத்தார். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினார். மூன்றாவது தடவை மணி போயிற்று. மறுமுனையில் ஹாரனின் சிரிப்பு போனுக்கு வெளியே அறை முழுக்கக் கேட்டது.

"என்னண்ணே, பொழுது போகலியா? நாளைக்கு மத்தியானம்தான். வண்டியைக் கழுவித் துடைச்சு வெச்சாச்சு!"

"டேய், சிரிக்காம கேளு. நாளைக்கு நீ வராதே."

"ஏண்ணே? டாக்டர் தேதியை மாத்திட்டாரா? ஒண்ணும் பிரச்சினையில்ல, ரெண்டு நாள் தள்ளிக்கூட கொண்டு வரேன். நீங்க சாவியை ஒரு தடவை கையில வாங்கிப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அதுக்குத்தாண்டா சொல்றேன். கொண்டு வராதே," என்றார். "கொண்டு வந்தா நான் வாங்கிடுவேன்."